எண்ணெய் வாசனையைத் தேடி ஓடிய சிறுவன்

ஜப்பானில் ஒரு சின்னக் கிராமம். அந்தக் கிராமத்துக்குள் முதன் முதலாக ஒரு மோட்டார் கார் வந்தது.

ஊர் ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் காரின் பின்னாலேயே ஓடினான். கார் ஓர் இடத்தில் நின்றது. அதன் அடியில் இருந்து எண்ணெய் சொட்டியது.

சிறுவன் தரையில் குப்புறப் படுத்தான். அந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தான். ஆசை தீரவில்லை. எண்ணெயைத் தொட்டுக் கைகளில் பூசிக்கொண்டான்!

அந்தச் சிறுவன் யார் தெரியுமா? அவர்தான் பிற்காலத்தில் மோட்டார் சைக்கிள் மன்னராக விளங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா. நம் நாட்டில் 1984-ம் ஆண்டு "ஹீரோ ஹோண்டா" என்ற கம்பெனி தொடங்கப்பட்டதே, அதில் பாதிப் பெயர் இவருடையதுதான்.

கொல்லன் மகன்

ஹோண்டா 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந்தேதி பிறந்தார். ஹமாமத்சு என்ற நகரத்துக்கு அருகே உள்ள கோமியோ கிராமம் அவருடைய சொந்த ஊர். தகப்பனார் பெயர் கிஹெய். அவர் கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். சைக்கிள்களுக்கும் ரிப்பேர் பார்ப்பார். தாயார் மிக்கா, தறி நெய்தவர்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மார்க் அட்டையில் தகப்பனாரின் முத்திரையைப் பதித்து வரவேண்டும். மார்க்கோ மோசம். பையன் என்ன செய்தான்? சைக்கிள் பெடலில் இருந்த ரப்பரை எடுத்து, அதில் வீட்டு முத்திரையைத் தானே செதுக்கினான். அட்டையில் குத்திக் கொடுத்துவிட்டான்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்களுக்கும் செதுக்கிக் கொடுத்தான். அங்கேதான் அகப்பட்டுக்கொண்டான்.

முத்திரையில் எழுத்தைத் தலைமாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோலச் செதுக்க வேண்டும். ஹோண்டா என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும். எப்படிச் செதுக்கினாலும் சரியாக விழும். மற்றவர்கள் பெயர் அப்படி அல்ல. எல்லாம் தலைகீழாக விழுந்துவிட்டன! வீட்டில் நல்ல தண்டனை கிடைத்தது. செய்தது திருட்டு வேலைதான். ஆனால் கைத்திறமை இருந்ததை மறுக்க முடியாது.

1917-ம் ஆண்டு ஹமாமத்சுவில் ஓர் அமெரிக்கர் விமான சாகசம் காட்டினார். ஹோண்டா தகப்பனாரின் சைக்கிளை யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினான். கால் எட்டாததால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டுவதுபோலக் குரங்குப் பெடல்தான்! டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. மரத்தில் ஏறி இருந்து விமானத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

குழந்தை தூக்கும் வேலை

பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1922-ம் ஆண்டு, 15 வயதில் ஹோண்டா டோக்கியோ நகருக்குப் போனார். அங்கே "ஆர்ட் ஷோகாய்" என்ற கார் பட்டறையில் சேர்ந்தார்.

கார்களைத் தொட்டு வேலை செய்யலாம் என்று கனவு கண்டு போனார். அவருக்குக் கொடுத்த வேலை என்ன? முதலாளியின் குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பது! குழந்தை முதுகை ஈரமாக்கும். மற்றப் பையன்கள் சிரிப்பார்கள். ஊருக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் அங்கே இருந்தால் கார்களைப் பார்க்கவாவது முடியும். தங்கிவிட்டார்.

பல மாதம் கழித்து, வேலை மிகுந்த ஒரு நாள், முதலாளி அவரையும் கூப்பிட்டார். ஹோண்டா காருக்கு அடியில் படுத்தார். பிறகு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை எனலாம்.

1923 செப்டம்பர் 1-ந்தேதி டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. எங்கும் தீ. பட்டறையில் இருந்த கார்களை எரியாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். அன்றுதான் ஹோண்டா முதன் முதலாகக் கார் ஓட்டினார். ஊர் எரியும்போது தமக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்ததைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

வயது 18 இருக்கும்போது மொரியோகா என்ற ஊருக்குத் தீயணைப்பு வண்டி ஒன்றைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். வந்திருப்பவன் சின்னப் பையன் என்று ஊரார் ஏளனமாகப் பார்த்தார்கள். தங்குவதற்கு ஒரு மோசமான அறையைக் கொடுத்தார்கள். ஹோண்டா வண்டியை அக்கக்காகக் கழற்றினார். அவர்கள் பயந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வண்டி ஓடியது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்று இரவு அவருக்கு நல்ல அறையும் தடபுடலான விருந்தும் கிடைத்தன!

1928-ம் ஆண்டு ஹமாமத்சுவில் அந்தப் பட்டறையின் கிளையைத் தாமே தொடங்கினார். அக்காலத்துக் கார்ச் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. பூகம்பத் தீயில் அவை எரிந்துபோனதை ஹோண்டா நேரில் பார்த்தவர். அதனால் இரும்பில் ஆரக்கால் வார்த்து, அதற்குக் காப்புரிமை பெற்றார். அவை இந்தியாவுக்குக்கூட ஏற்றுமதி ஆயின.

50-க்கு 3

பழுது பார்ப்பது போதும். இனிப் பொருள் செய்யவேண்டும் என்று ஹோண்டா தீர்மானித்தார். அவர் தேர்ந்தெடுத்தது பிஸ்டன் ரிங்.

எஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வரும் உருளைதான் பிஸ்டன். அதைச் சுற்றி வளையல்போல மாட்டி இருப்பது ரிங். வெடிக்கும் வாயு கீழே கசியாமலும், எண்ணெய் மேலே ஏறாமலும் காப்பது அதுதான். ரிங் தேய்ந்தால் வண்டி புகை கக்கும்; இழுவை குறையும். பார்ப்பதற்குச் சாதாரண வளையம், செய்வதோ கடினம்.

ஹோண்டா இரவு பகலாக வார்த்தார். எல்லாம் கல்போல உடைந்தன. கடைசியில் ஹமாமத்சு தொழிற்கல்லூரிக்குப் போனார். அவருடைய இரும்பில் சிலிக்கான் என்ற பொருள் போதாது என்று ஆசிரியர் கண்டு சொன்னார். சிலிக்கான் என்ற பெயரே அவருக்குப் புதிது! சொந்தப் பட்டறையும், பெண்டாட்டி பிள்ளையும் உள்ள 30 வயதுக்காரர், சிறு பையன்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். தமக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார். பரீட்சை எழுதவில்லை. பள்ளியில் இருந்து நீக்கிவிட்டார்கள். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை.

பிறகு டொயோட்டா கம்பெனிக்கு 50 ரிங்குகள் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சோதித்து ஏற்றுக்கொண்டவை எத்தனை? மூன்றே மூன்று! மீண்டும் ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த பிறகே தொழில் நிலைத்தது.

அதுவும் நீடிக்கவில்லை. யுத்தத்தில் குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் பூகம்பமும் வந்தது. தொழிற்சாலைகள் நாசமாயின. எஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, ஒரு வருஷம் சும்மா இருந்தார்.

மனைவியின் உடையில் கறை

யுத்தம் முடிந்த ஜப்பானில் பஸ்ஸிலும் ரெயிலிலும் நிற்க இடம் இல்லை. பெண்கள் அரிசி வாங்கக்கூட நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தார்கள்.

ராணுவத்தார் ரேடியோக் கருவிக்கு மின்சாரம் எடுக்க வைத்திருந்த சிறிய எஞ்சின் ஒன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதைச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டாங்கி வேண்டுமே? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவையை எடுத்து டாங்கியாக வைத்துவிட்டார்!

அந்த வண்டியை ஊருக்குள் ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி சாச்சி. பெண்களால் ஓட்ட முடியுமா என்று தெரியவேண்டும் அல்லவா? நல்ல உடை உடுத்திக்கொண்டு ஓட்டிச் சென்றார். திரும்பி வந்தபோது உடையெல்லாம் எண்ணெய்! இப்படி இருந்தால் வாங்குபவர்கள் திட்டமாட்டார்களா என்று கேட்டார். ஹோண்டா கார்புரேட்டரில் இருந்து எண்ணெய் பீறிடுவதைச் சரிசெய்தார். இந்தக் கறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1948 செப்டம்பர் 24-ந்தேதி ஹோண்டா கம்பெனி பிறந்தது. ஆட்கள் 34 பேர். அடுத்த ஆண்டு ஃபுஜிசாவா என்பவர் கூட்டாளியாக வந்தார். பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு. எஞ்சின் ஹோண்டாவின் பொறுப்பு. ஒருவர் துறையில் மற்றவர் தலையிடுவது இல்லை.

1951-ல் "ட்ரீம்" என்ற வண்டியின் புதிய எஞ்சினைச் சோதிக்க ஹக்கோனே மலைப்பாதைக்குப் போனார்கள். புயல் மழை. கவாஷிமா என்ற இளைஞர் வண்டியை ஓட்டினார். ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் பெரிய அமெரிக்கக் காரில் பின்தொடர்ந்தார்கள். பிடிக்க முடியவில்லை. மலை உச்சியில் மூவரும் நனைந்தபடி கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

இடி அப்பா

பட்டறையில் ஹோண்டா பொல்லாதவர். ஒரு திருகாணியைச் சரியாக முடுக்காவிட்டால் ஸ்பேனர் பறந்து வரும். தொழிலாளர்கள் அவருக்கு இடி அப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபம் தணிந்ததும் வருந்துவார். அடி வாங்கியவருக்கு அந்த வருத்தத்தால் என்ன லாபம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அவரும் அவர்களோடு எண்ணெயில் புரண்டவர். அவருடைய இடது கை முழுவதும் சுத்தியலும் உளியும் பட்ட தழும்புகள். சில விரல்களின் நுனியே இல்லை.

1954-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். பிரிட்டனுக்கு அருகே உள்ள மான் தீவில் உலகப் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். அதில் ஜெயிக்கப்போவதாக அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். நேரில் பார்த்தபோது திகைத்துவிட்டார். ஜெர்மன் வண்டிகளின் சக்தி, அதே அளவுள்ள தம் எஞ்சினைப்போல மூன்று மடங்கு இருந்தது!

திரும்பும்போது மூட்டை நிறையச் செயின், டயர், கார்புரேட்டர்களை வாங்கி வந்தார். ஒரு தொழிற்சாலையில் கீழே கிடந்த சிறு திருகாணியையும் பொறுக்கி எடுத்து வந்தார். அதன் தலையில் கூட்டல் குறி வெட்டி இருந்தது. ஒற்றைக் கீறல் உள்ள திருகாணியைக் கையால்தான் திருக வேண்டும். கூட்டல் குறி இருந்தால் யந்திரத்தாலேயே முடுக்கலாம்.

1959-ல் மான் தீவில் முதன் முதலாகக் கலந்துகொண்டு 6-வது இடம் பிடித்தார்கள். 1961-ல் இரண்டு பிரிவுகளில் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே!

நான்கு சிலிண்டர் குதிரை

பந்தயத்தில் ஜெயித்தாலும் அமெரிக்கர்கள் பெரிய வண்டியையே விரும்பினார்கள். 450 சி.சி. வண்டியை அனுப்பினார். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பெரிய எஞ்சின் செய்ய முடிவாயிற்று. ஹராடா என்ற எஞ்சினீயர் தலைமையில் வேலை நடந்தது.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிக்கு 66 குதிரை சக்தி. நமது வண்டிக்கு 67 இருக்கட்டும் என்று குறி வைத்தார்கள். ஒன்று கூட இருந்தால் போதும்!

1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் "சி.பி. 750" வெளிவந்தது. 1969-ல் விற்பனைக்கு வந்தது. 736 சி.சி. எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் வண்டியின் குறுக்கே வரிசையாக நின்றன. பின்னால் நான்கு சைலன்சர்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். அதுவரை நான்கு சிலிண்டர் என்றால் பந்தய வண்டி அல்லது பணக்காரர் வண்டி. அமெரிக்காவில் இதன் விலை 1,495 டாலர்தான்.

வேகம் பெரிதல்ல என்பேன். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளும் வேகமாகத்தான் ஓடின. ஆனால் காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் நோகும். நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டும். காரணம் என்ன? அவற்றின் எஞ்சின் பெட்டி செங்குத்தாக, இடம் வலம் என இரண்டாகப் பிளந்து ஒட்டப்பட்டது. ஒட்டிய கோடு எண்ணெய் தேங்கும் அடிப்பாகம்வரை போகும். அங்கே கசியும். ஹோண்டாவின் எஞ்சின் பெட்டி பானையும் மூடியும்போல மேல் பாதி, கீழ் பாதி எனப் பிரிந்தது. சாச்சி அம்மாளின் உடையில் பட்ட கறை இந்த வண்டியில் இல்லை! பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உயிர் பெற்றது.

முன் சக்கரத்துக்கு என்ன பிரேக் வைப்பது என்று கேள்வி எழுந்தது. பழக்கமான டிரம் பிரேக்கா? புதிய டிஸ்க் பிரேக்கா? டிஸ்க் பிரேக்கின் சோதனை முழுவதும் முடியவில்லை. ஹராடா இரண்டையும் காட்டினார். டிஸ்க் பிரேக்கே வேண்டும் என்று ஹோண்டா சொல்லிவிட்டார்.

வருஷத்துக்கு 1,500 வண்டி போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பிறகு அது மாதத்துக்கு 1,500 ஆயிற்று. அதுவும் போதாமல் 3,000 ஆயிற்று!

குதிரையைப் பராமரிக்கும் விதம்

அந்த வண்டிகள் பல நாடுகளில் இன்றும் ஓடுகின்றன. 50 வயது தாண்டிய எஞ்சின் எப்படி ஓடுகிறது? திறந்து பார்த்து, அளந்து, சரிசெய்ய இடம் வைத்துக் கட்டியதால் ஓடுகிறது.

இதன் எண்ணெய், எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்பது இல்லை. பக்கத்தில் தனி டாங்கி உண்டு. எண்ணெய் மாற்றும்போது டாங்கியைக் காலி செய்தால் மட்டும் போதாது. எஞ்சின் அடியிலும் மீதி இருக்கும். அதையும் வடிக்க வேண்டும். இதை மறந்து பழைய எண்ணெயோடு புதியதைக் கலப்பவர்கள் உண்டு. பழைய குழம்பில் புதுக் குழம்பை ஊற்றுவதுபோல!

எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி அளக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறி இருக்கும்போதுதான் அளக்கலாம். காற்று நுழையும் வால்வுக்கு 0.05 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.08. இடைவெளி அதிகமானால் டக் டக் என்று சத்தம் கேட்கும். குறைந்தால் சத்தமே இருக்காது. ஆனால் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். சத்தம் போடும் எஞ்சினைவிடச் சத்தம் போடாத எஞ்சினுக்குத்தான் பயப்படவேண்டும்.

நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்புரேட்டர். ஏரில் பூட்டிய மாடுகள் ஒன்றுபோல இழுக்க வேண்டும் அல்லவா? ஒன்று முந்தினால் வண்டி உதறும். நான்கிலும் காற்றின் உறிஞ்சலை அளக்கும் மீட்டர்களை மாட்டி, முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை திருகுவார்கள். ஓட்டாமல் பல மாதம் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசின்போலாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். அப்போது கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

ஹோண்டாவின் குதிரைக்கும் நொண்டி உண்டு. ஆரம்ப வண்டிகளில் செயின் அறுந்து எஞ்சின் பெட்டியையே உடைத்த சம்பவங்கள் நடந்தன. 67 குதிரைகளின் இழுவையும் அந்த ஒரு செயினில்தான்! ஆகையால் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவதும், தளர்ச்சியைப் பார்ப்பதும், தேய்ந்தால் தாமதிக்காமல் மாற்றுவதும் அவசியம். டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சில ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றாவிட்டால் உள்ளே துருப் பிடித்துப் பிரேக் இறுகிக்கொள்ளும்.

காற்றா? தண்ணீரா?

சி.பி. 750 எஞ்சின் காற்றில் குளிர்வது. மோட்டார் சைக்கிளுக்கு அது பொருத்தம். காருக்கும் அதுவே போதும் என்று ஹோண்டா பிடிவாதம் பிடித்தார். தண்ணீரையும் கடைசியில் காற்றுதானே குளிர வைக்கிறது என்பது அவர் வாதம்.

அந்தப் பிடிவாதம் துயரத்தோடு சேர்ந்துவிட்டது. 1968 ஜூலையில் பிரான்சில் நடந்த கார்ப் பந்தயத்தில், காற்றால் குளிரும் ஹோண்டா கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டிய ஷ்லெசர் என்ற பிரெஞ்சு வீரர் மாண்டார். கார் இன்னும் தயாராகவில்லை என்று பந்தயக் குழுவின் அனுபவசாலி ஓட்டுநர் முன்பே எச்சரித்திருந்தார்.

அப்போதும் ஹோண்டா மாறவில்லை. அடுத்த ஆண்டு வந்த காரும் காற்றில் குளிர்வதே. அது சரியாக விற்கவில்லை. புகையைக் குறைக்கும் எஞ்சினுக்குத் தண்ணீர்தான் வேண்டும் என்று இளம் எஞ்சினீயர்கள் சொன்னார்கள். இடி அப்பாவின் காதில் ஏறவில்லை. அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போய் முறையிட்டார்கள்.

இருபது வருஷமாக எஞ்சின் விஷயத்தில் தலையிடாத ஃபுஜிசாவா, அன்று ஒரு கேள்வி கேட்டார். ஹோண்டா இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப்போகிறாரா, அல்லது எஞ்சினீயராக இருக்கப்போகிறாரா என்பதே அந்தக் கேள்வி.

ஹோண்டா யோசித்தார். தலைவராகவே இருப்பதாகக் கூறினார். அன்றே தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்துக்கு ஏற்ற எஞ்சினை 1972-ல் அந்த இளைஞர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். ஹோண்டாவுக்குத் தம் காலம் முடிந்தது புரிந்துவிட்டது.

கறை படிந்த கை

1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒரே நேரத்தில் ஓய்வு பெற்றார்கள். ஹோண்டா தம் மகனைத் தலைவராக்கவில்லை. கம்பெனியில் சேர்க்கவும் இல்லை. மலைப்பாதையில் நனைந்துகொண்டு வண்டி ஓட்டிய கவாஷிமாவே அடுத்த தலைவர்!

பிறகு ஹோண்டா ஜப்பான் முழுவதும் பயணம் செய்தார். கம்பெனியின் தொழிற்சாலைகளுக்கும், மூலை முடுக்கில் உள்ள விற்பனைக் கடைகளுக்கும் போனார். ஒவ்வொரு தொழிலாளியிடமும் கை குலுக்கி நன்றி சொன்னார்.

ஓர் இடத்தில் ஒரு மெக்கானிக் கையை நீட்டினார். கை முழுவதும் எண்ணெய்க் கறை. வெட்கப்பட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக் கழுவ ஓடப் பார்த்தார். ஹோண்டா விடவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் குலுக்கினார். பிறகு தம் கையை மூக்கருகே கொண்டுபோய் எண்ணெயை முகர்ந்து பார்த்தார்.

1991-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி டோக்கியோவில் ஹோண்டா காலமானார். அப்போது அவருக்கு வயது 84. கம்பெனியின் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு நடத்தக்கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். ஏராளமான கார்கள் வந்து சேரும்; தெருவில் போகிற ஜனங்களுக்குப் போக்குவரத்து தடைபடும் என்பதே அவர் கூறிய காரணம். அப்படியே நடந்தது. பிரம்மாண்டமான ஊர்வலம் எதுவும் இல்லை. அவர் செய்த வண்டிகளை வைத்து, நன்றி கூறும் கூட்டம் மட்டும் நடத்தினார்கள்.